ஐந்து சுரத்துக்குள் ஒரு பாட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்துப் பின்னேரம், குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் நடந்த விஷயம் இது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அவர் பாடகர். மட்டக்களப்புப் பக்கத்துக் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடுகிற ஓர் இசைக்குழுவின் பாடகர். கிழமை நாட்களில் கந்தோரில் கிளார்க் வேலை, லீவு நாட்களில் மேடை. அந்தக் குழுவை இளந்தாரிகளாக இருந்தபோது தொடங்கியவர்கள் மூன்று பேர். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் கீபோர்ட் வாசிப்பார். அவரை நான், முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவேன். கலியாணம் முடித்து வெல்லாவெளிக்குப் போய் வயல் செய்யும் என் தம்பி டிரம்ஸ் அடிப்பான். பாட்டு இவர். மற்றக் கலைஞர்கள் வந்தார்கள், போனார்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகவே யோசிக்கவேண்டிய யுத்தப் பிரச்சினைக் காலத்திலும் இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் விடவில்லை. இப்போது மூன்று தலையும் நரைத்துவிட்டது.

இன்ன பாட்டுப் பாடுங்கள் என்று ஆட்கள் மேடைக்குத் துண்டு எழுதி அனுப்புவார்கள். எல்லாம் சினிமாப் பாட்டுத்தான். இவர்களுடைய சொந்தப் பாட்டை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு சொந்தப் பாட்டுச் செய்து ஒலிப்பதிவு பண்ணாமல் இருக்கமாட்டார்கள். ஒரு காலம் கசெட், பிறகு சீடி, இப்போது யூடியூப். கலியாண வீடுகளில் உழைப்பதில் ஒரு பகுதி இதிலேயே கரைந்துவிடும். திரும்பி வருவது தேத்தண்ணிச் செலவுக்கும் காணாது.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் ஏன், எதற்கு என்று கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒருநாள் நானாவிடம் நேரடியாகவே கேட்டேன்.

"கேக்கிறதுக்கு ஆளில்லாமக் கிடக்கு. பிறகென்னத்துக்கு நானா புதுசு புதுசாச் செய்றீங்க?"

அவர் சிரித்தார். "தெரியா தங்கச்சி. செய்யாம இருந்தா ஒரு மாதிரியாக் கிடக்கு" என்றார். அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

அதற்குப் பிறகுதான் என் கணவருக்குத் தொண்டையில் தைராய்டுக் கட்டி என்று தெரியவந்தது. கட்டி பெரிதாகி, குரலுக்குப் போகிற நரம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வெட்டி எடுக்கும்போது நரம்பு பாதிக்கப்படலாம் என்று டாக்டர் முதலே சொல்லிவிட்டார். எடுக்காமல் விடவும் முடியாது. வீட்டில் எல்லோருமாகக் கதைத்துத்தான் சம்மதித்தோம். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. குரல் போய்விட்டது.

முதலில் வெறும் காற்று மட்டும் வந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த பேச்சுப் பயிற்சியால் மெல்ல மெல்ல ஒரு குரல் எழும்பியது. கீழ்ச்சுருதியில், கரகரவென்று, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல். அதில் கதைக்கலாம். மேலே போனால் உடைந்துவிடும். நீட்டினால் மூச்சுத் தீர்ந்துவிடும். இனி இவ்வளவில்தான் நிற்கும் என்று பயிற்சி கொடுத்த பிள்ளை மெதுவாகச் சொன்னாள். இவர் தலையை ஆட்டினார்.

ஒப்புக்கொண்ட கலியாண நிகழ்ச்சிகளை நிறுத்தவேண்டாம், வேறு பாடகரைப் பிடியுங்கள் என்று குழுவுக்குச் சொன்னவரே இவர்தான். தன்னுடைய மைக்கைத் துடைத்து உறையில் போட்டு என் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிறகு ஒத்திகைப் பக்கம் போகவில்லை. வீட்டில் கதையும் குறைந்தது. வேலை விட்டு வந்தால் வாவிக்கரையில் போய் இருப்பார். ஒருநாள் களுவாஞ்சிக்குடியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இவரை அடையாளம் கண்டு, மரியாதைக்காக இவர் பாடிய பழைய சொந்தப் பாட்டு ஒன்றைப் போனில் தேடிப்பிடித்துச் சத்தமாகப் போட்டார். இவர் குடித்த பாதியில் கிளாஸை வைத்துவிட்டு எழும்பி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துவிட்டது. சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், ஆனால் மனிதர் எங்களை விட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

அந்த நாட்களில் நானா மட்டும் காலையில் தவறாமல் போன் எடுப்பார். கேட்பதெல்லாம் உப்புச்சப்பில்லாத கேள்விகள். அங்கால மழையா, இன்றைக்கு என்ன மீன் வந்தது, பஸ் ஓடுதா. இவர் ஓரிரு சொல்லில் பதில் சொல்வார். சில நாள் நானா வேண்டுமென்றே ஏதாவது ஏறுக்குமாறாகச் சொல்ல, இவர் கோபப்பட்டுப் போனை வைத்துவிடுவார். ஏலாத மனிதரை ஏன் இப்படிக் கதைக்க வைத்துக் கஷ்டப்படுத்துகிறார் என்று எனக்குக் கூட எரிச்சல் வந்தது.

நான் முதலில் சொன்ன அந்தப் பின்னேரம், ஓர் ஆட்டோவில் நானாவும் என் தம்பியும் வந்து இறங்கினார்கள். கையில் கீபோர்ட். அதைக் கண்டதுமே இவர் எழும்பி அறைக்குள் போய்விட்டார். நானா கூப்பிடவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில் கீபோர்டை வைத்து, வயரைச் செருகி, ஒற்றைக் கையால் ஒரு மெட்டை வாசிக்கத் தொடங்கினார். நான் குசினி அடுப்படியில் நின்று கேட்டேன். தாழ்ந்த, சின்ன மெட்டு. ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள், இரண்டு வேலிகளுக்கு நடுவே, ஒருவர் அங்குமிங்கும் உலாத்துவதுபோல, மேலே போகாமல் அதற்குள்ளேயே சுற்றி வந்தது.

கொஞ்ச நேரத்தில் இவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன இது?"

"புதுப் பாட்டு" என்றார் நானா.

"புதுசாப் பாடுறவனிட்டக் குடு."

"அவனுக்குச் சரிவராது. அவன்ட தொண்டை இவ்வளவு கீழ இறங்காது." நானா வாசிப்பதை நிறுத்தாமலே சொன்னார். "காலையில நான் போன் எடுத்தது மீன் விசாரிக்க எண்டா நினைச்ச? கீபோர்டை முன்னுக்கு வச்சுக்கொண்டுதான் கதைச்சன் மச்சான். நீ ஓம், இல்ல எண்டா எந்தச் சுரத்தில நிக்குது, கோவம் வந்தா எவ்வளவு மேல ஏறுது, எல்லாம் பாத்தாச்சு. அஞ்சு சுரம் கிடக்கு. அஞ்சும் உறுதியாக் கிடக்கு."

இவர் முகம் சிவந்துவிட்டது. "பாவம் பாத்துச் செய்றியா?"

"பாவம் பாக்கிறதெண்டா பழைய பாட்டையே சுருதியக் குறைச்சு வாசிச்சிருப்பன். அது லேசான வேல. பழசெல்லாம் அப்ப இருந்த தொண்டைக்குச் செஞ்சது. இது இப்ப இருக்கிற தொண்டைக்கு."

இவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, சொல் எதுவும் இல்லாமல் அந்த மெட்டை மெதுவாக முனகிப் பார்த்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியும் வந்தது. மூன்றாவது வரியில் குரல் பட்டென்று உடைந்தது. திரும்பவும் பிடித்தார். திரும்பவும் அதே இடத்தில் உடைந்தது. செருப்பைக்கூடப் போடாமல் வாசல் படலையைத் திறந்துகொண்டு வாவிப் பக்கம் போய்விட்டார்.

"அத்தானைத் தனிய விடாதீங்க அக்கா" என்று தம்பி எழும்பினான். நானும் வெளிக்கிட்டேன். நானா கையைக் காட்டி மறித்தார்.

"விடுங்க தங்கச்சி. நாம பின்னால போனா அவனுக்கு இன்னும் வெக்கம்."

அப்படிச் சொன்னாரே தவிர, அவரே எழும்பிப் படலைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சற்றுப் பொறுத்து, "நான் பிழையாச் செஞ்சிட்டனோ தெரியா" என்றார். அவ்வளவு காலப் பழக்கத்தில் அவர் இப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை.

பின்னேரத்து அசர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் அவர் முன்கூடத்தில்தான் தொழுவார். வழக்கம்போல அவருக்கென்று வைத்திருக்கும் பாயை எடுத்துக் கொடுத்தேன். அவர் தொழுதுகொண்டிருக்கும்போது என் கணவர் திரும்பி வந்தார். கால் முழுக்கச் சேறு. தொழுகை முடியும்வரை உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். நானா பாயைச் சுருட்டியதும், வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மூண்டாவது வரி கூட மேல போகுது மச்சான். ஒரு சுரம் இறக்கு. நாலாவதுல எனக்கு மூச்செடுக்க இடம் வேணும்."

நானா கீபோர்டுக்கு முன்னால் போய் இருந்து, அந்த வரியை இறக்கி வாசித்தார். "இப்ப?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம்" என்றார் இவர்.

நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதித்து வற்றும்வரை அங்கேயே நின்றேன். இவர் ஒரு மெட்டில் குற்றம் கண்டுபிடித்து எத்தனை காலம். அந்த மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் அந்த மெட்டுக்கு இவரே சொற்கள் எழுதினார். வாவியில் தண்ணீர் வற்றியிருக்கும் காலத்தில், தோணியில் ஏறிப்போக முடியாமல் அதைத் தள்ளிக்கொண்டே நடக்கிற ஒரு மனிதனின் பாட்டு அது. கிணற்றடியில் நின்று ஒவ்வொரு சொல்லையும் பாடிப் பார்ப்பார். தொண்டையில் சிக்குகிற சொல்லைத் தூக்கிவிட்டு வேறு சொல் போடுவார். "இது விளங்குதா?" என்று என்னைக் கேட்பார். இல்லை என்றால் திரும்பக் கிணற்றடிக்குப் போவார்.

ஒலிப்பதிவும் எங்கள் வீட்டில்தான். யன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, இருந்த தலையணை எல்லாவற்றையும் சுவரோரம் அடுக்கி, அறையை ஒரு ஸ்டூடியோ ஆக்கினார்கள். தம்பி அதே மைக்கைக் கொண்டுவந்து வைத்தான். சத்தமான டிரம்ஸ் இந்தக் குரலை அமுக்கிவிடும் என்று, தடியை வைத்துவிட்டு விரல் நுனியால் ஒரே ஒரு தோல் வாத்தியத்தைத் தட்டினான். என்னுடைய வேலை ரோட்டில் நிற்பது. மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு, ஹோர்ன் அடிக்கவேண்டாம் என்றேன். அவர் எஞ்சினையும் நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"ஆரு பாடுற?"

"எங்கட வீட்டுக்காரர்தான்."

"என்ன, ஆளுக்குக் காய்ச்சலா?" என்றார். பிறகு பாட்டு முடியும்வரை போகாமல் நின்று கேட்டுவிட்டு, இரண்டு மீன் கூடப் போட்டுத் தந்தார்.

பாட்டு வெளிவந்தது. பெரிதாக யாரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், இவருடைய பழைய குரல்தான் நல்லம் என்று கீழே எழுதியிருந்தார். இவர் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று நான் போனை ஒளித்து வைத்தேன். ஆனால் அவர் அதை ஏற்கெனவே வாசித்துவிட்டிருந்தார்.

"உண்மையத்தானே எழுதியிருக்கு" என்றார். பிறகு, "ஆனா இந்தப் பாட்ட அந்தக் குரலால பாடேலாது" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததை நான் கவனித்தேன்.

குரல் அதற்குப் பிறகு திருந்தவில்லை. மேடையில் இப்போதும் வேறொருவர்தான் பாடுகிறார். இவர்கள் மூவரும் லீவு நாட்களில் எங்கள் வீட்டில் கூடி, புதுப் பாட்டுச் செய்கிறார்கள். இப்போது தம்பிக்கும் மணிக்கட்டில் நோவு. வயல் வேலை செய்த கை. அதனால் இந்தமுறைப் பாட்டின் தாளத்தை அவனுக்கு ஏற்றமாதிரி வேகம் குறைத்து ஆறுதலாக்கிக்கொண்டிருக்கிறார்கள். போன கிழமை முழுக்க அதற்குத்தான் சண்டை. கூடிப்போனால் எங்கள் சொந்தக்காரரும் தெரிந்த ஆட்களும் கேட்பார்கள். அது அவர்களுக்கும் தெரியும்.

லாபம் இல்லாத வேலையை இந்த வயதில் ஏன் செய்கிறார்கள் என்று சக ஆசிரியர்கள் என்னைக் கேட்பதுண்டு. நானா முன்பு எனக்குச் சொன்னதைவிட நல்ல பதில் என்னிடமும் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்றைக்கு என் கணவரை வாவிக்கரையிலிருந்து வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தது அவர் ஏற்கெனவே பாடி முடித்த நல்ல பாட்டுகளில் ஒன்றல்ல, இன்னும் சரிவராமல் கிடந்த ஒரு பாட்டு.