பிளாஸ்டிக் துவக்குக்காரரிடம் கொடுத்த போன்

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களைக் கரையோடு கட்டுகிற கயிற்று வேலை எனக்கு. என் மகள் போனில் விளையாடுகிறவள். சுட்டு விளையாடுகிற அந்த விளையாட்டுக்கு ஐந்து பெண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார்கள். மற்ற நான்கு பேரையும் அவள் நேரில் கண்டதில்லை, குரலில்தான் பழக்கம். கொழும்பில் நடக்கும் பெரிய கேம் விழாவில் விளையாட அவர்களுக்கு இடம் கிடைத்தது. அவளைத் தனியாக அனுப்ப மனைவி சம்மதிக்கவில்லை.

“நீங்கள் கூடப் போங்கோ. ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை. பிள்ளை விளையாடி முடியுமட்டும் பக்கத்தில நில்லுங்கோ, காணும்.”

புதியவர்கள் நடுவில் எனக்கு வாய் வராது. அது அவளுக்குத் தெரியும்.

மண்டபத்துக்கு வெளியே கோயில் திருவிழா போலச் சனம். நீல முடி வைத்தவர்கள், முதுகில் பறவைபோலச் செட்டை கட்டியவர்கள், என் உயரத்துக்கு அட்டை வாள் தூக்கியவர்கள். ஒருவரும் அவர்களை வேடிக்கை பார்க்கவில்லை. சாதாரணச் சேட்டும் கழுசானும் போட்டு நின்ற என்னைத்தான் எல்லோரும் பார்ப்பதுபோல எனக்குப் பட்டது.

“அப்பா, இதைப் பிடியுங்கோ. நான் முகம் கழுவிக்கொண்டு பின்னால வாறன். நீங்கள் உள்ளுக்குப் போய் மேடைக்குக் கிட்ட நில்லுங்கோ” என்று மகள் தன் போனை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

மண்டப வாசலில் இராணுவ உடுப்பில் ஒருவர் துவக்கோடு நின்றார். தலைக்கவசம், முகத்தில் கறுப்புத் துணி. எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் துறைமுக வாசலில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். துண்டு, இலக்கம் ஒன்றும் கிடையாது. முகம் பார்த்து வாங்குவார்கள், பின்னேரம் முகம் பார்த்துத் தருவார்கள். அடையாள அட்டையைக் காட்டினேன். என் போனை வீட்டில் மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதனால் மகளின் போனை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டார். நான் தலையாட்டிவிட்டு உள்ளே நடந்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

மேடைக்குக் கிட்ட மகள் வந்து கையை நீட்டினாள்.

“போன்?”

“வாசல்ல ஆமிக்காரரிட்ட குடுத்தனான்.”

“எந்த ஆமிக்காரர்?”

நான் காட்டிய பக்கம் பார்த்தாள். வாசலில் ஒருவரும் இல்லை. ஆனால் மண்டபம் முழுக்க அதே உடுப்பில் ஆட்கள் திரிந்தார்கள். இரண்டு பேர் துவக்கோடு ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

“அப்பா, அது வேஷம்.” அவள் சத்தம் போடவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

அணித் தலைவி கொழும்புப் பிள்ளை. கலகலப்பானவள். “என்ன அங்கிள், பிளாஸ்டிக் துவக்குக்காரருக்கா போனைக் குடுத்தீங்க? நல்லவேளை, ட்ராகன் வேஷக்காரன் உங்கள்ட்ட மகளைக் கேக்கல்ல” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

தலைவி தன் பழைய போன் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் மகள் தன் பெயரில் விளையாட ஓர் இலக்கம் வேண்டுமாம். அந்த இலக்கம் தொலைந்த போனுக்குத்தான் வருமாம். வேறொருத்தியின் பெயரில்தான் விளையாட வேண்டியிருந்தது. தோற்றால் அதோடு முடிவு.

நான் வேஷக்காரர்களுக்குப் பின்னால் ஓடினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் கயிற்றை இழு, விடு என்கிற அளவுதான். ஒருவரின் கையைப் பிடித்து, “போன், போன்” என்றேன். அவர் சந்தோஷமாக என் தோளில் கை போட்டு, தன் போனில் என்னோடு படம் எடுத்துக்கொண்டார். இன்னொருவரும் அப்படியே செய்தார். ஒலிபெருக்கியில் யாரோ ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மாறிமாறி ஏதோ அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். பாட்டுச் சத்தத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

வெறுங்கையோடு திரும்பியபோது பிள்ளைகள் காதை மூடிய ஹெட்போன்களோடு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். பெரிய திரையில் புகை, ஓட்டம், வெடி. அதில் என் பிள்ளை எது என்று தெரியவில்லை. சனம் கத்தும்போதெல்லாம் அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்றும் தெரியவில்லை. நான் திரையை விட்டுவிட்டு அவளுடைய பெருவிரல்களையே பார்த்தேன். அவை தேடித்தேடித் தவறின. கொஞ்ச நேரத்தில் அவள் போனை மடியில் வைத்துவிட்டாள். மற்ற நால்வரும் இன்னும் விளையாடினார்கள். பிறகு அவர்களும் வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் வாசலில் நின்ற அந்த ஆமிக்காரர் எங்களைக் கண்டுபிடித்து வந்தார். துணியை இறக்கினால், சின்ன வயதுப் பெண். மகளோடு ஆங்கிலத்தில் கதைத்தாள். நான் படம் எடுக்கச் சொல்லிப் போனைக் கொடுத்ததாக நினைத்தாளாம். என்னைக் காணாததால் அறிவிக்கிற மேசையில் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பத் திரும்பக் கூப்பிடச் சொன்னாளாம். ஒருவரும் வராததால் திரும்ப வாங்கிவந்த போனை மகளின் கையில் வைத்தாள். “சொறி அங்கிள்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள்.

“வாங்கோ மகள், வெளிக்கிடுவம்” என்றேன்.

“இல்லை. கடைசி ஆட்டம் பாக்கோணும்.”

அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவர்களைத் தோற்கடித்த அணிதான் மேடையில் இருந்தது.

“இப்ப ஆர் மகள் வெல்லுறது?”

“கதைக்காதீங்கோ அப்பா.”

திரையின் வெளிச்சத்தில் அவள் கன்னம் நனைந்திருந்தது தெரிந்தது. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினேன். அவள் பார்க்கவில்லை. போத்தலைப் பிடித்தபடியே இருந்தேன்.