அடிக்குழிச் சோளம்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பல்லி விழுந்தால் பயம், மாடு தலையைத் திருப்பினால் பயம், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் யாரென்று பார்ப்பதற்கு முன்னாலேயே பயம். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருமே பயந்து கிடந்த வருஷம் ஒன்று உண்டு. அந்த வருஷம் என்னைக் கேலி செய்ய வீட்டில் ஆள் இல்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். போர் நடந்துகொண்டிருந்தது. எங்கே நடக்கிறது, யாருக்கும் யாருக்கும் நடக்கிறது என்று எங்கள் ஊரில் எவருக்கும் திட்டமாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சந்தை விலைதான். போதாததற்கு மழையும் பொய்த்தது. ஒரு நாள் நாமக்கல் சந்தைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிய அப்பா, வாசலில் நின்றபடியே சொன்னார்.

"இனிமேல் சந்தையில ஒரு சாமான் வாங்கறதில்ல. ஊட்டுல இருக்கறதைத் தின்னு தீர்ப்போம். தீந்தப்புறம் பாத்துக்கலாம்."

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா, அம்மா, ஒரே மகளான நான். முதலில் எனக்கு அது விளையாட்டாகவே இருந்தது. அட்டாலிப் பரணிலிருந்து ஒவ்வொரு பானையாக இறங்கியது. சுண்டை வற்றல், கொத்தவரை வற்றல், கல்லாய் இறுகிப்போன புளி, வண்டு துளைத்த மொச்சை, எப்போது போட்டது என்று அம்மாவுக்கே நினைவில்லாத நார்த்தங்காய். கொள்ளு மட்டும் ஒரு மொடா நிறைய இருந்தது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். எங்கள் வீட்டில் இளைத்துக்கொண்டே போன மூன்று பேருக்கும் மூன்று வேளையும் கொள்ளுதான்.

எண்ணெய் விஷயத்திலும் அதே சட்டம். விளக்குக்கு ஊற்றும் ஆமணக்கெண்ணெய்ப் பானையில் அடிமண்டி மட்டும் மிச்சமிருந்தது. அம்மா அதையும் பழந்துணியில் வடித்து அகலில் ஊற்றினாள். பொழுது சாய ஏற்றினால் படபடவென்று பொரியும், கொஞ்சம் எரியும், தானாகவே அணைந்துவிடும். மறுபடி ஏற்றுவோம், மறுபடி அணையும். அந்த விளக்கின் குணம் எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

கொள்ளு மொடாவும் காலியானபோது மிஞ்சியது குழிச்சோளம் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் எங்கள் தானியக்குழி இருந்தது. மேலே ஒரு ஆள் ஒடுங்கி நுழையும் அளவுக்கு வாய். உள்ளே வயிறு பெருத்து இரண்டு ஆள் ஆழம் போகும். சோளத்தைக் கொட்டி, வாயில் பலகைக் கல்லைப் போட்டு மண் வைத்து மெழுகிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. நல்ல மழை பெய்த வருஷத்துச் சோளம் அது. பாதியைத் தின்றுவிட்டு, அடியில் கிடந்த மீதியை அப்படியே விட்டு மூடி வைத்திருந்தோம்.

மூடிய குழிக்குள் கெட்ட காற்று கட்டிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் குழி திறக்க ஒரு முறை உண்டு. கல்லை நகர்த்தி, ஒரு நாள் முழுக்கத் திறந்து போட்டு வைக்க வேண்டும். மறுநாள் உறியில் விளக்கை வைத்து உள்ளே இறக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது.

ஆனால் குழியை ஊருக்குத் தெரியாமல் திறக்க முடியாது. கல்லை எடுத்ததுமே புளித்த வாசம் ஒன்று கிளம்பித் தெருக்கோடி வரை போகும். வாசம் வந்தால் சுற்று வீடுகளுக்கு ஆளுக்கொரு முறம் கொடுப்பது வழக்கம். இறங்கி அள்ளுகிற பண்ணையாளுக்கு ஒரு வள்ளம் அளந்து போட வேண்டும். அதுவும் போக, வீட்டில் இருக்கும் தானியத்தைக் கணக்கெடுத்து எடுத்துப்போகச் சர்க்கார் ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு பேச்சு. எருமப்பட்டிப் பக்கம் வைக்கோல் போரில் கம்பியைக் குத்திப் பார்த்தார்களாம், வாசலைத் தோண்டினார்களாம். யார் பார்த்தது என்று கேட்டால் யாரும் பார்த்ததில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்பா தூக்கத்தில்கூட எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

அதனால் சந்தை நாளாகப் பார்த்து அவர் ஒரு திட்டம் போட்டார். அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். பண்ணையாளை ஏதோ வேலை சொல்லி மோகனூருக்கு அனுப்பிவிட்டார். தெரு அடங்கியதும் கடப்பாரையால் நெம்பிக் கல்லை நகர்த்தினார். அந்த வாசம் முகத்தில் வந்து மோதியது.

"பொழுது எறங்கறதுக்குள்ள அள்ளி எடுத்துட்டுத் திரும்ப மூடிடோணும்" என்றார்.

"ஏனுங்க, ஒரு நாளாச்சும் தொறந்து கெடக்கட்டுமேங்க" என்றாள் அம்மா.

"கெடந்தா ஊரே மோந்துக்கிட்டு வந்து நிக்கும் புள்ள. அப்புறம் நமக்கு என்ன மிஞ்சும்?"

உச்சி வரை காத்திருந்தோம். அப்பா அகலை உறியில் வைத்து இறக்கினார். பாதி ஆழம் போவதற்குள் சுடர் சுருங்கி அணைந்தது. மேலே இழுத்து ஏற்றி, இன்னொரு தரம் இறக்கினார். மறுபடியும் அணைந்தது.

"மண்டி எண்ணெய்" என்றார் அப்பா. "ஊட்டுக்குள்ளயே நிக்கமாட்டேங்குது, இங்க எங்க நிக்கப்போவுது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முந்தின நாள் சாயங்காலம்கூட அடுப்படியில் அணைந்து அணைந்து எங்களைப் பாடாய்ப் படுத்திய விளக்கு அது. நல்ல எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம் என்றால் வீட்டில் வேறு எண்ணெய் கிடையாது. கடையில் வாங்குவதில்லை என்பது சட்டம். கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவது என்பார்களே, அதைத்தான் நாங்கள் செய்தோம்.

அப்பாவின் தோள் குழிவாய்க்கு அடங்காது. அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள். இருந்தது ஒரே கயிறு. கிணற்றுக் கயிறு இற்றுப்போய் நாளாகியிருந்தது, புதிது வாங்கவில்லை. இருந்த கயிற்றை அம்மாவின் இடுப்பில் கட்டினால் கூடைக்குக் கயிறு இல்லை. அதனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். பிறகு நாங்கள் அதை மேலே இழுத்துக் கூடையைக் கட்டினோம். நான் குழிவாய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டு, தெருவில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதையும் அம்மா மேல் ஒரு காதையும் வைத்திருந்தேன்.

கூடை நிரம்பினால் அம்மா கீழேயிருந்து எண்ணிக்கை சொல்வாள். எங்கள் பக்கம் தானியம் அளக்கும்போது ஒன்று என்று தொடங்குவதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவார்கள்.

"லாபம்" என்றாள். அப்பா இழுத்தார். "ரெண்டு." "மூணு." நாலு வருவதற்கு நேரமாயிற்று. பிறகு மறுபடியும் "நாலு" என்று சத்தம் வந்தது.

"அஞ்சும்மா" என்று குனிந்து சொன்னேன்.

"ஆமா சாமி… நாலு."

தூக்கத்தில் பேசுகிற குரல் அது. மேலே வந்த கூடை பாதிகூட நிரம்பவில்லை. காலிக் கூடையைத் திரும்ப இறக்கினோம். கயிறு அசையவே இல்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தாடை நெஞ்சில் படிந்திருந்தது.

"இந்தா புள்ள… ஏம்புள்ள…" என்று அப்பா கூப்பிட்டார். அப்போதுகூட அடிக்குரலில்தான் கூப்பிட்டார். யாருக்காவது கேட்டுவிடப் போகிறது என்கிற பயம் அவரை விடவில்லை. தலையை நுழைத்தார், தோள் மாட்டிக்கொண்டது, திமிறி வெளியே வந்தார். என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தார்.

நான் கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"ஆராச்சும் ஓடியாங்களே! எங்கம்மா குழிக்குள்ள கெடக்குதுங்களே!"

பக்கத்து வீட்டு அத்தை மண்சுவரைத் தாண்டிக் குதித்து வந்தாள். உறவுமுறையில் அப்பாவுக்கு அக்கா. பசு ஈனுகிற நேரம் என்று சந்தைக்குப் போகாமல் கட்டுத்தரையிலேயே இருந்திருக்கிறாள். காலையில் கல்லை நகர்த்தியபோதே அவளுக்கு வாசம் போயிருக்கும், வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். வந்தவள் குழியை ஒரு பார்வை பார்த்தாள்.

"தம்பி, தண்ணிய ஊத்து. கொடங்கொடமா ஊத்து, காத்து கலையட்டும். அம்மிணி, நீ வேப்பங்கொத்தை ஒடிச்சுட்டு வா!"

அப்பாவையும் என்னையும் விரட்டிக்கொண்டே தொட்டியில் மொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாய்க்கப் போனபோது அப்பா இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சோளம்" என்றார்.

எவ்வளவு நேரம் பிடித்திருந்தார் என்று கேட்டால், கண் மூடித் திறக்கிற நேரம்தான். அத்தை அவர் கையைத் தட்டிவிட்டாள், தண்ணீர் உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு அப்பா தொட்டிக்கும் குழிக்கும் பைத்தியம் பிடித்தவராக ஓடி ஓடி ஊற்றினார். அழுதுகொண்டே ஊற்றினார். இதையும் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வரும். ஆனால் அந்த ஒரு சொல்லை அத்தையும் கேட்டாள், நானும் கேட்டேன். பல்லிக்கும் மாட்டுக்கும் பயந்ததெல்லாம் ஒரு பயமா? அன்றைக்கு எனக்கு அப்பாவைப் பார்த்துப் பயம் வந்தது.

கூடையை அவிழ்த்துவிட்டு வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு மேலும் கீழுமாக இழுத்தேன். கை தோலுரிந்தது எனக்கு உறைக்கவில்லை. கீழே ஒரு இருமல் கேட்டது. அம்மாவின் தலை அசைந்தது.

"கயத்தைப் புடி சாமி! கையில சுத்திக்க! உட்ராதே!" என்று அத்தை குழிக்குள் கத்தினாள். கயிறு இறுகியது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். அம்மா வெளியே வந்து தரையில் கவிழ்ந்து கிடந்தாள். உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. வாந்தி எடுத்தாள். அவள் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்காமல் ஏறி இறங்க வேண்டுமே என்று ஊர் மாரியம்மனுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் எதை மறைப்பது? சந்தையிலிருந்து திரும்பிய ஊர் முழுக்க எங்கள் பொடக்காளியில் நின்றது. குழியை முறைப்படி ஆறப் போட்டு, பண்ணையாள் இறங்கி ஈரச் சோளத்தை அள்ளினார். அவருக்கு வள்ளமும் சுற்று வீடுகளுக்கு முறமும் போய்ச் சேர்ந்தன. மீதியை வாசலில் பட்டப்பகலில் காயப்போட்டோம். கணக்கெடுக்கிற ஆட்கள் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா எழுந்து நடமாடினாள். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "தொட்டித் தண்ணி பூராவும் நாந்தான் ஊத்துனேன். இல்லீனா ஆளு மிஞ்சியிருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் இல்லை. அத்தை அப்போதெல்லாம் சுவரைப் பார்ப்பாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அந்தச் சொல் கீழே அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று அதில் தேடுவேன். மயங்கிக் கிடந்தவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். விழுந்திருந்தால் எங்கள் வீடு என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

நனைந்த சோளம் எவ்வளவு காய்ந்தாலும் ஒரு பூசண வாடை போகாது. அதை இடித்துத்தான் தினமும் சோறாக்கினோம். ஒரு நாள் மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். வட்டிலில் விழுந்த சோளச்சோற்றைக் கையால் தள்ளினார்.

"நாறுது. கொஞ்சம் அரிசி வாங்கிட்டு வாரேன், நாளையிலிருந்து நெல்லுச்சோறு ஆக்கு" என்றார்.

நான் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அம்மா அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு அவருக்கு எதிரில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. எப்போதும் பேசுகிற மரியாதையில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

"குழிக்குள்ள கெடந்தா மேல பேசறதெல்லாம் நல்லாக் கேக்குதுங்க. கை காலுதான் அசைய மாட்டேங்குது. கொடத்தைப் புடிச்சுக்கிட்டுச் சோளம்னீங்க. அந்தச் சோளந்தானுங்க இது. தின்னுங்க."

அப்பா நிமிரவில்லை. வட்டிலை இழுத்து வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தார். அம்மா இன்னொரு அகப்பை போட்டாள். அதையும் தின்றார். அவர் கை கழுவி வெளியே போகும் வரை நான் அடுப்பு மூலையை விட்டு எழவில்லை.