குறடு படாத திருகு

ஏழு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. அப்பாவின் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக் கொடுப்பது.

அப்பா பிளைவுட் வேலை செய்பவர். கீழக்குயில்குடியில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட பட்டறை. அலமாரி, டி.வி. ஸ்டாண்டு, சமையலறைக் கதவு என்று எதைச் செய்தாலும், கையில் பிடித்து ஓட்டும் கட்டிங் மெஷினால்தான் பலகையை அறுப்பார். அந்த மெஷினின் பக்கவாட்டில் ஒரு இரும்புச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் கைடு. அது பலகையின் ஓரத்தை உரசிக்கொண்டே கூட வருவதால்தான் ரம்பம் கோணாமல் ஒரே அகலத்தில் அறுக்கும். அகலத்தை மாற்ற வேண்டுமானால் கைடைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். தளர்த்த ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் மட்டும் வைத்த இடத்தில் இருக்காது.

"தாயி, ஸ்பேனரு!" என்று பட்டறையிலிருந்து சத்தம் வரும். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவேன். மரத்தூளுக்குள் கிடக்கும், டீ டம்ளருக்குள் நிற்கும், சில நாள் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கும். ஒரு முறை அம்மாவின் அரிசிப் பானைக்குள் இருந்து எடுத்தேன். அது எப்படி அங்கே போனது என்று வீட்டில் மூன்று பேருக்கும் இன்றுவரை தெரியாது. தேடிக் கொடுத்த ஒவ்வொரு தடவையும் ஆணி டப்பாக்களுக்கு நடுவே இருக்கும் பாட்டிலிலிருந்து அப்பா ஒரு தேன் மிட்டாய் எடுத்துத் தருவார். நான் இல்லாவிட்டால் மதுரை ஜில்லாவில் ஒரு அலமாரிகூட எழும்பாது என்று உறுதியாக நம்பினேன்.

அந்த உத்தியோகத்தில் மண்ணைப் போட்டவர் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி, ஒரே தம்பி. கப்பலூரில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் குடும்பத்தோடு ஸ்பேனர் தேடும் கூத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனவர், பத்து நாளில் ஒரு புதுக் கைடோடு வந்தார். போல்ட்டுக்குப் பதிலாக அதில் அலுமினியத்தில் கடைந்த ஒரு திருகு இருந்தது. விரல் வழுக்காமல் இருக்க விளிம்பெல்லாம் நுணுக்கமாக வரி போட்டிருந்தார். கையால் ஒரு திருகு திருகினால் தளரும், எதிர்ப்பக்கம் திருகினால் இறுகும். ஸ்பேனருக்கு வேலையே இல்லை.

"ஸ்பேனரு போடாம இறுக்குனது நிக்குமா மாப்ள?" என்றார் அப்பா.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க மச்சான்."

ஓட்டிப் பார்த்தார். நின்றது. ஒரு வாரத்தில் அப்பாவுக்கு அது இல்லாமல் கை ஓடவில்லை. பட்டறையிலிருந்து சீட்டியடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. என்னைக் கூப்பிடும் சத்தம் நின்றுபோனது. மிட்டாய் கேட்டால் தருவார்தான், ஆனால் சம்பளமாக வாங்கியதைத் தர்மமாக வாங்குவதில் எனக்கு மானப் பிரச்சினை இருந்தது.

அந்த மாதம்தான் எனக்குக் காது குத்துவதாக ஏற்பாடு. மாமா சில வருஷம் வெளியூரில் வேலையில் இருந்ததால் தள்ளிக்கொண்டே போன விசேஷம் அது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்கும் காதில் ஊசி படாது. மலையடிவாரத்து அய்யனார் கோயிலில் கிடாய் வெட்டு, தெரு முக்கில் ஃபிளெக்ஸ். அந்த ஃபிளெக்ஸில் அப்பா ஸ்டாம்பு அளவில் இருந்தார். மாமா மட்டும் ஆள் உயரத்தில், கையைக் கூப்பிக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

விசேஷத்துக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை. கோரிப்பாளையத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அலமாரிக் கதவுகள் செய்துகொண்டிருந்தார் அப்பா. தேக்கு வரியோட்டம் கொண்ட பலகை, அந்த வீட்டுக்காரர்களே தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தது. கைடை அளந்து வைத்து, திருகை இறுக்கி, மறுபடி அளந்து பார்த்துவிட்டு டீ குடிக்க வெளியே போனார். நான் பாட்டிலிலிருந்து யாரும் தராத ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு, இன்று நினைத்தாலும் கை கூசுகிறது, அந்தத் திருகைப் பிடித்து அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.

என் திட்டம் எளிமையானது. கைடு ஆடும், அப்பா அலுத்துக்கொண்டு பழைய கைடை மாட்டுவார், "தாயி, ஸ்பேனரு" என்று கூப்பிடுவார். அவ்வளவுதான். மெஷின் ஓடும்போது என்ன ஆகும் என்றெல்லாம் அந்த மண்டைக்கு எட்டவில்லை.

முக்கால்வாசிப் பலகை வரை ரம்பம் ஒழுங்காகத்தான் போனது. அதற்குள் அதிர்ந்து அதிர்ந்து திருகு முழுக்க இளகிவிட்டது போலிருக்கிறது. கைடு நழுவி, ரம்பம் கோணி, பலகைக்குள் சிக்கி, மெஷின் ஒரு துள்ளு துள்ளியது. அப்பா கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். ரம்பம் அவருடைய லுங்கி ஓரத்தைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்தது. பத்து விரலும் இருக்கிறதா என்று அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். வாயில் இருந்த மிட்டாய் கரையவே இல்லை.

பயம் தெளிந்ததும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலையில் கோரிப்பாளையத்துப் பெரியவர் பலகையைப் பார்க்க வந்து நின்ற நேரத்தில், விசேஷத்துக்குச் சேலை எடுப்பதைப் பற்றிப் பேச மாமாவும் வந்து சேர்ந்தார்.

"வெளையாட்டுச் சாமான் செஞ்சு குடுத்துருக்க மாப்ள. கையே போயிருக்கும்," என்றார் அப்பா, அந்நிய மனிதர் முன்னால்.

மாமா கைடைக் கழற்றி எடுத்துக்கொண்டார். வாசலில் அம்மா வழிமறித்தபோது, "காது குத்துக்கு வேற மடியப் பாத்துக்கங்கக்கா," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வேறு மடிக்கு எங்கே போவது? அம்மாவுக்கு இருப்பது ஒரே தம்பி. அவள் அழுத அழுகையில் இரண்டு நாள் சோறு குழைந்தது. போன் போட்டால் மாமா எடுக்கவில்லை. தெரு முக்கில் மட்டும் விடாமல் கையைக் கூப்பிச் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் ஃபிளெக்ஸைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி நடந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சொன்னால் தோடு கிடையாது என்று நானே ஒரு தண்டனையைக் கற்பித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அப்பா பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் மிட்டாய் பாட்டில்.

"தாயி, அன்னைக்கு மிட்டாய் எடுத்தியா?"

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றேன்.

அவ்வளவுதான் கேட்டார். திட்டக்கூட இல்லை. திருட்டு சின்னதாக முடிந்ததில் எனக்குப் பரம நிம்மதி.

மறுநாள் என்னை வண்டியின் முன்னால் உட்கார வைத்துக் கப்பலூருக்கு அழைத்துப் போனார். லேத்துகளின் இரைச்சலில் மாமாவும் அவரோடு வேலை செய்பவர்கள் நான்கைந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரிடமும் தணிந்து போய்ப் பழக்கமில்லாத மனிதர் என் அப்பா. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்:

"உஞ்சாமான் மேல தப்பில்ல மாப்ள. கையால இறுக்குனது பத்தாதுன்னு நாந்தான் குறட்டப் போட்டுத் திருகிட்டேன். மரை கழண்டுபோச்சு. ஏந்தப்பு."

எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஆகா, அப்பா செய்த வேலையா இது! குறட்டைப் போட்டுத் திருகியிருக்கிறார், நானோ வீணாகப் பயந்து செத்திருக்கிறேன். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்காக அப்பா மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

மாமா மேசை இழுப்பறையைத் திறந்து அந்தக் கைடை எடுத்தார். திருகைத் துணியால் துடைத்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு, எதற்கோ, என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குறடு போட்டா அப்பிடித்தான் ஆகும் மச்சான்," என்றார். "வாங்க, டீ குடிப்போம்."

கோயிலில் மாமா மடி எனக்குக் கிடைத்தது. பட்டு வேட்டி மொடமொடவென்று குத்தியது. ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் திமிற ஆரம்பித்தேன். மாமா தன் ஆள்காட்டி விரலை என் கைக்குள் வைத்தார்.

"மருமகளே, எம்புட்டு பலம் இருக்குன்னு பாப்போம். கட்டை வெரலால மாமா வெரல அமுத்து."

அழுத்தினேன். ஒரு காது முடிந்தது.

"இம்புட்டுதானா?"

ரோஷம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கட்டை விரலில் கூட்டி அழுத்தினேன். அடுத்த காதும் முடிந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை, ஏதோ மனக்கணக்குப் போடுகிறவர் போல இருந்தார். எனக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மாமா என்று வளர்ந்த பிறகும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே புதுத் திருகு வந்தது. இதற்கும் ஸ்பேனர் வேண்டாம். ஆனால் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு பொத்தான். கட்டை விரலால் அதை உள்ளே அழுத்திக்கொண்டே திருகினால்தான் தளரும். மெஷின் அதிர்வில் இளகாமல் இருக்க என்று மாமா சொன்னார், அப்பா தலையாட்டினார். ஆள் இல்லாத நேரத்தில் நானும் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. மாமாவுக்கு இந்தத் தடவை சரியாகச் செய்ய வரவில்லை என்று முடிவு கட்டினேன். அதன் பிறகு அப்பா மாதம் இரண்டு தடவையாவது பழைய ஸ்பேனரைத் தொலைத்தார். எதற்குத் தேவைப்படுகிறது என்றே தெரியாத அந்த ஸ்பேனரை நான் தேடிக் கொடுத்து மிட்டாய் வாங்கினேன்.

போன பொங்கலுக்கு என் மகளோடு ஊருக்குப் போயிருந்தேன். அவளுக்கு ஆறு வயது. மெஷின்கள் மாறிவிட்டன, அந்தக் கைடை மட்டும் அப்பா ஒவ்வொரு புது மெஷினுக்கும் ஏற்றபடி மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். நானும் அப்பாவும் மாமாவும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மகள் பட்டறைக்குள் நுழைந்து அந்தத் திருகைப் பிடித்துவிட்டாள். நான் பதறி எழுந்தேன். அவள் முகம் சிவக்க முக்கியும் திருகு அசையவில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமா அவளிடம் போனார். தலை நரைத்துவிட்டது, குனிவதற்குச் சிரமப்பட்டார். ஆள்காட்டி விரலை நீட்டினார்.

"எங்க, கட்டை வெரலால தாத்தா வெரல அமுத்து பாப்போம். எம்புட்டு பலம் இருக்கு?"

அவள் அழுத்தினாள்.

"இம்புட்டுதானா?" என்றவர், அவள் இன்னொரு தடவை அழுத்தியதும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "பயமில்ல மச்சான். இவளுக்கும் அந்த ஸ்பிரிங்கே போதும்."

என் கை தானாகக் காதுக்குப் போனது. பட்டறைக்காரர் மகளாகப் பிறந்தும், அலுமினியத்தில் குறடு பட்டால் பல் பதியும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மாமா அன்று துணியால் துடைத்தது மிட்டாய்ப் பாகை. அந்தப் பிசுக்கு அப்பாவின் விரலிலும் ஒட்டியிருக்க வேண்டும், அதனால்தான் மிட்டாயைப் பற்றிக் கேட்டார். வெளிச்சத்தில் தேடியது இல்லாத குறட்டுப் பல்லை. என்னைத் திட்டுவதை விட்டுவிட்டு அப்பா நான்கு பேர் முன்னால் தன்னைத் திட்டிக்கொண்டார். மாமா மடியில் என்னை வைத்துக்கொண்டு, என் கட்டை விரலால் முடியாத அளவு எது என்று பார்த்துக்கொண்டார். இரண்டு பேரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாமா, அன்னைக்கு அந்தத் திருக..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் உங்கப்பா குறட்டப் போட்டுட்டாருல்ல," என்றார் மாமா. அப்பா பாட்டிலைத் திறந்து என் மகளுக்கு ஒரு மிட்டாயும், கொஞ்சம் யோசித்துவிட்டு எனக்கு ஒன்றும் கொடுத்தார்.