கழற்றி வைத்த சீட்

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். பாதிப் பேர் பயந்தாங்கொள்ளிகள், மீதிப் பேர் புளுகர்கள். நான் எந்தப் பாதி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் கார் மெக்கானிக். சொந்தப் பட்டறை. டர்போ வண்டிகள்தான் அதிகம் வரும். டர்போ என்பது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிற ஒரு சின்ன விசிறி. அந்த அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனிக்காரன் அதைச் செய்திருப்பான். ஆனால் நாலு வீடியோ பார்த்த மேதாவிகளுக்கு அவன் முட்டாள். கம்பெனி டர்போவை மாற்ற மாட்டார்களாம், பூஸ்ட் மட்டும் ஏற வேண்டுமாம். சாலையில் எப்படியோ ஓடிவிடும். ரேஸ் டிராக்கில் ரவுண்டு ரவுண்டாக மிதித்தால் விசிறி வெந்து சிதறும்.

இந்த மேதாவிகளில் முதல் பரிசு என் தங்கை புருஷனுக்கு. வங்கியில் வேலை. ஏசி ரூமில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற மனிதருக்கு ரேஸ் ஆசை. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டலாம் என்று ஒரு நாள் விடுவார்கள், அதற்குப் பெயர் கொடுத்துவிட்டார். கியருக்குப் பக்கத்தில் பூஸ்ட் ஏற்றுகிற திருகு ஒன்றைத் தானே மாட்டி, என் பட்டறையில் கொண்டுவந்து காட்டினார்.

"ஹும்... இவ்வளவுதானா?" என்றேன்.

யார் எதைக் காட்டினாலும் என் வாயில் அதுதான் வரும். அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

அன்று ராத்திரி தங்கை போன் செய்தாள். அவர் யார் சொன்னாலும் கேட்க மாட்டார், நீயாவது கூடப் போ என்று அழுதாள்.

"ரெண்டு பேரும் முழுசா வாங்கண்ணா. எனக்கு அது போதும்."

போனேன். டிராக்கில் போய் இறங்கியதும் மாப்பிள்ளைக்கு அடுத்த ஞானோதயம். எடை குறைய வேண்டுமாம். பக்கத்து சீட்டைக் கழற்றச் சொன்னார். உங்கள் தொப்பையைக் கழற்றினால் இன்னும் குறையுமே என்றேன். சிரிக்கவில்லை. இரண்டு பேருமாகக் கழற்றி, வண்டிகள் நிற்கிற கொட்டகையில் சுவரோரமாகப் போட்டோம். வண்டிக்குள் அந்தப் பக்கம் வெறும் தகரம். சீட் என்னவோ சொகுசாக இருந்தது, நான் அதிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

காலையிலிருந்து திருகை ஏற்றி ஏற்றி ஓட்டினார். வண்டி திரும்பி வரும்போதெல்லாம் எண்ணெய் கருகுகிற வாடை. போதும் என்றேன். "பயமா மச்சான்?" என்றார். இதற்கு மேல் பேச எனக்கென்ன தலையெழுத்து? அவர் சாப்பிடப் போன நேரத்தில் பானெட்டைத் திறந்தேன். அந்தத் திருகுக்குப் போகிற ரப்பர் குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்தேன். கம்பெனி எப்படி விட்டதோ அப்படியே மற்றதை மாட்டிவிட்டேன். இனி அந்தத் திருகு வெறும் பொம்மை. துரை நாள் முழுக்கத் திருகட்டும், ஒரு பொட்டு பூஸ்ட் ஏறாது.

தங்கைக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. நிம்மதியாகக் காலை நீட்டினேன்.

கடைசி ஓட்டம் மாலை ஆறு மணிக்கு. இருட்டிக்கொண்டு வந்தது. டிராக் ஓரம் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள்.

முதல் ரவுண்டு ஒழுங்காகப் போனது.

இரண்டாவது ரவுண்டில் டர்போவின் விசில் கேட்டது. கூர்மையாக... காதைக் குத்துகிற மாதிரி. பூஸ்ட் ஏறினால் வருகிற சத்தம். ஏற வழியே இல்லை. நான்தானே அடைத்தேன்?

மூன்றாவது ரவுண்டு. விளக்குக்குக் கீழே வண்டி கடந்தது. உள்ளே இரண்டு தலை.

கண்ணைக் கசக்கிக்கொண்டேன். வெளிச்சம் ஏமாற்றுகிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நான்காவது ரவுண்டு. விசில் இப்போது அலறல். வண்டி நெருங்கியது... இரண்டு தலைதான். ஒன்றில் ஹெல்மெட். மற்றதில் இல்லை.

அது மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

பிறகு திரும்பியது.

என்னைப் பார்த்தது.

டமார்...

கடைசி வளைவில் புகை. டயர் அடுக்கிய சுவரில் மோதிய சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

எழுந்து ஓட நினைத்தேன். கால் வரவில்லை. அந்த சீட்டிலேயே கிடந்தேன். தங்கையின் முகம்தான் கண்ணில் நின்றது.

ஆம்புலன்ஸ் பறந்தது. கொஞ்ச நேரத்தில், கொடி காட்டுகிறவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மாப்பிள்ளை வந்தார். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஆம்புலன்ஸ் மட்டும் அந்த வளைவிலேயே, பின்கதவைத் திறந்தபடி, வெகுநேரம் நின்றது. ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை நேராக என்னிடம் வந்தார். ஹெல்மெட்டைக் கீழே எறிந்தார். கோபத்தில்.

"போதும் போதும்னு நான் சொல்லச் சொல்ல, 'இவ்வளவுதானா, இவ்வளவுதானா'ன்னு நீங்கதானே மச்சான் கையை நீட்டி ஏத்தினீங்க? பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு..."

நின்றுவிட்டார்.

நான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்தார். காலையில் தன் கையால் கழற்றிய சீட்.

இரண்டடி பின்னால் போனார்.

மறுநாள் பட்டறையில் பானெட்டைத் திறந்தேன். ரப்பர் குழாய் நான் வைத்தபடியே இருந்தது. வாயில் என் போல்ட். டர்போ விசிறி மட்டும் தூள்தூளாகக் கிடந்தது. அளவுக்கு மேல் பூஸ்ட் ஏறாமல் அப்படிச் சிதறாது. இருபது வருஷம் இதே வேலை பார்க்கிறேன், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொன்ன மாதிரியே முழுசாகக் கூட்டி வந்துவிட்டேனாம். நான் தலையை ஆட்டினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

போன மாதம் ஒருவர் பழைய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. யாரென்று கேட்டேன். அன்று டிராக்கில் ஆம்புலன்ஸ் ஓட்டியவராம்.

"நீங்க... இருக்கீங்களா?"

இதென்ன கேள்வி என்று எரிந்து விழுந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"வண்டியில ரெண்டு பேர் இருந்தீங்க சார். நீங்க அந்தப் பக்கம், தகரத்துல. கழுத்து திரும்பிக் கிடந்துச்சு. நாடி பிடிச்சுப் பார்த்தேன். இல்ல. சரி, உயிரோட இருக்கிறவரை முதல்ல இறக்குவோம்னு அவரை இறக்கி அனுப்பிட்டு வந்தேன். வந்து பார்த்தா உங்களைக் காணோம். ராத்திரி வரைக்கும் தேடினேன். ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க."

நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். உளறாதீங்க என்று என் கையை அவர் முன்னால் நீட்டினேன்.

"இதோ, இப்போ பிடிச்சுப் பாருங்க."

அவர் தொடவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் படுக்கப் போகும்முன் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்க்கிறேன். துடிக்கிறது. துடிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

இரண்டு பேரும் முழுசாக வர வேண்டும் என்றுதான் தங்கை கேட்டாள். மாப்பிள்ளை வந்துவிட்டார்.

நான்...?