வெட்கத்தை எடுத்துப்போட்ட ஞாயிறு

சபையில் எழுந்து நின்று மைக் பிடித்துச் சாட்சி சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன், என்னோடு ஜெபிக்கிற சகோதர சகோதரிகளே. என் பெயர் மெர்சி. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் தேவராஜுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. போன வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அவருடைய துணியை ஊறவைக்கும்போது ரத்தக் கறையைப் பார்த்தேன். ஈரத் துணியோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"இன்னாங்க இது?"

"மூலம்தான்மா. பண்டிகைக்குப் பிரியாணி ஜாஸ்தியாப் போச்சு, சூடு புடிச்சிக்கிச்சு. தானா சரியாப் போய்டும்."

துருவித் துருவிக் கேட்டேன். தீபாவளியிலிருந்தே போகிறதாம்! மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் மிஷினில் உட்கார்ந்தால் ஊசி எங்கே போகிறது, என் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது.

டாக்டரிடம் கூப்பிட்டேன், அவர் வரமாட்டேன் என்றார். நானே அவருடைய பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் டாக்டரம்மாவிடம் போனேன். அவருடைய டேனரியில் நடந்த மெடிக்கல் கேம்பில் எடுத்த ரிப்போர்ட் அது. சர்க்கரை பார்டரில் இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, ரத்தம் போகிற விஷயத்தையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பார்டர்னா ஒண்ணுமில்லன்னு எல்லாரும் விட்டுடறாங்கம்மா. சர்க்கரை வியாதி வர்றதுக்கு முந்தின இந்த நிலையிலயே பெருங்குடல்ல கேன்சர் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க."

"சர்க்கரைக்கும் குடலுக்கும் இன்னா மேடம் சம்பந்தம்?"

"தொப்பை, சாப்பாடு, நடக்காம இருக்கிறது, இதெல்லாம் ரெண்டுக்கும் பொது. ரத்தத்துல இன்சுலின் ஜாஸ்தியா ஓடினா வளரக் கூடாதது வளர இடம் கிடைக்குதுன்னு நினைக்கிறாங்க. பார்டர்ல இருக்கிற எல்லாருக்கும் கேன்சர் வரும்னு நினைச்சுப் பயந்துடாதீங்க. ஆனா ரத்தம் போவுதுன்னா, மூலம்னு வீட்லயே முடிவு பண்ணக் கூடாது. குழாய்ல கேமரா விட்டுப் பார்த்தே ஆவணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் தலையை ஆட்டவே இல்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கேம்ப் முடிந்த ஞாயிற்றுக்கிழமைதான் இவர் சபையில் எழுந்து, "சர்க்கரையைக் கர்த்தர் என் வாசல்லயே நிறுத்திட்டார்" என்று சாட்சி சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். அதற்கப்புறம் சர்க்கரை உள்ளவர்கள் எல்லாம் ஜெபத்துக்கு இவரைத்தான் தேடி வந்தார்கள்.

"எத்தனை பேர் தலையில கை வெச்சு ஜெபம் பண்ணிருக்கேன்! இப்ப நானே ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா அவிசுவாசின்னு சொல்ல மாட்டாங்களா? அதுவும் குழாயை எங்க வுடுவாங்கன்னு தெரியுமா உனக்கு? மானமே போய்டும்!"

கத்தினேன், அழுதேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். பிடித்தால் பிடித்த பிடிதான் அவருக்கு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கின. ரத்தம் நிற்கவில்லை. ஆள் கண்ணெதிரே இளைத்துக்கொண்டே போனார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தார். என் கூடப் பிறந்தவளிடம்கூட வாய் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று வாய்விட்டு அழுதேன். "ஆண்டவரே, அவருக்குச் சுகம் கொடும் என்றுகூட இப்போது கேட்கவில்லை. அவரைக் கட்டிப்போட்டிருக்கிற இந்த வெட்கத்தை மட்டும் எடுத்துப்போடும். எனக்கு வழி தெரியவில்லை. நீரே பார்த்துக்கொள்ளும்" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

மறுநாள் ஆராதனை. நம் போதகர் ஐயா பிரசங்கத்துக்கு எழுந்தார். வேதத்தைத் திறந்தார். மூடினார்.

"போன மாசம் நான் ஊர்ல இல்லன்னு தேடினீங்களே, வேலூர் ஆஸ்பத்திரில இருந்தேன். ரத்தம் போச்சு. மூலம்னு நானே சொல்லிக்கினு ஒரு வருஷம் சும்மா இருந்தேன். கடைசில கேமரா வுட்டுத்தான் பார்த்தாங்க. அதுக்கு முந்தின நாள் ஒரு மருந்து குடிக்கச் சொன்னாங்க. குடிச்சிட்டு நான் ஓடின ஓட்டம் இருக்கே, பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஜெபம் பண்ணக்கூட நேரமில்ல!"

சபை முழுக்கச் சிரித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் சிரிக்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இவர் முதலில் சிரித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஐயா கடைசியாக, "டாக்டர்கிட்ட போறது அவிசுவாசம்னா, உங்க போதகர்தான் முதல் அவிசுவாசி" என்று சொல்லி உட்கார்ந்தார்.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில் இவர் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த மருந்து ரொம்ப உப்புக் கரிக்குமா?"

நான் பின்னால் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அந்த வாரமே வேலூர் போனோம். கேமராவில் பார்த்தபோது பெருங்குடலில் காளான் போல ஒரு கட்டி இருந்தது. அதே குழாய் வழியாகவே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வருவதற்குள் ஈஸ்டர் வந்துவிட்டது. எல்லாரும் பாடினார்கள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். "கேன்சர் இல்ல. ஆனா அப்படியே வுட்டிருந்தா கேன்சரா மாறக்கூடிய ரகம்மா இது. நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் அந்த டாக்டர். நல்ல நேரத்துக்கு எங்களை யார் கொண்டுவந்தது என்று அவருக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் நேராகப் போதகர் வீட்டுக்குப் போனோம். "ஐயா, இவரைப் பத்தி யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லயேம்மா! அன்னைக்கு நான் ரெடி பண்ணினு வந்தது வேற பிரசங்கம். சனிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து, இதைச் சொல்லு, இதைச் சொல்லுன்னு உள்ளுக்குள்ள ஒரே பேஜார். இதைப் போயி சபையில சொல்வாங்களான்னு எங்க வீட்ல சண்டையே போட்டாங்க."

சனிக்கிழமை சாயங்காலம்! அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாவு ஆட்டுகிற ஒரு பொம்பளை கிரைண்டர் சத்தத்தில் அழுததைக் கேட்ட தேவன் எவ்வளவு பெரியவர்! இவருடைய வெட்கத்தை எடுக்க, ஒரு போதகருடைய வெட்கத்தை முதலில் எடுத்தாரே! இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

இவர் இப்போதும் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார். ஆமென் சொன்ன கையோடு, "டெஸ்ட் எடுத்தியாப்பா?" என்று கேட்கிறார். உங்கள் வீட்டிலும் யாராவது பார்டர்தானே, மூலம்தானே என்று மறைத்துக்கொண்டிருந்தால் முழங்காலில் நில்லுங்கள். எழுந்ததும் அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இரண்டு இடத்திலும் கர்த்தர் இருக்கிறார், நம்புங்கள்.

காலையும் மாலையும் நடக்கிறோம். சோறு குறைந்துவிட்டது. நான் இதை எழுதும்போது இவர் தட்டில் இருக்கும் கேழ்வரகுக் களியைப் பார்த்து, "தினமும் இதானா?" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். முணுமுணுக்கட்டும். எனக்குக் காது கேட்கிற வரைக்கும் முணுமுணுக்கட்டும், ஸ்தோத்திரம்!