யார்டின் மூக்கு

ரயில்வே யார்டில் வேகன்களைக் கோத்துவிடும் அந்த மனிதரை எல்லோரும் 'மூக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பொரு முறை குளோரின் கசிந்தபோது முதலில் கத்தி, அத்தனை பேரையும் ஓடவைத்தவர் அவர். அன்று முதல் எந்த டேங்கர் மீது சந்தேகம் வந்தாலும் "மூக்கக் கூப்பிடு" என்பார்கள். அவர் முகர்ந்துவிட்டுத் தலையாட்டினால் போதும், கருவியை எடுத்துவந்து சோதிக்க எவனுக்கும் உடம்பு வணங்காது.

அந்தக் குளோரினோடு அவருடைய மோப்பமும் போய்விட்டது என்பது மனைவிக்கு மட்டுமே தெரியும். வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். அதனால் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையை அவள் முகர்வாள். வாடை ஏதாவது இருந்தால், சாவியை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு அவர் யார்டுக்குத் திரும்பி ஓடுவார். நல்ல கூத்து!

அன்று மாலை மழை. மூன்றாம் லைனில் தள்ளிவிட்ட பெட்ரோல் டேங்கர், நின்றிருந்த வேகன் மீது டமார் என்று மோதியது. மூக்கு அடியில் குனிந்து பார்த்தார். தரையெல்லாம் ஈரம். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி சட்டையை வாங்கி முகர்ந்தாள். தும்மினாள்.

"எனக்கே மூக்கடைச்சுக் கெடக்குங்க. ஒரு எழவும் தெரியல."

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். உடம்பெல்லாம் நனைந்திருக்க இடது தோள் மட்டும் ஏன் இப்படி எரிகிறது? டேங்கருக்கு அடியில் குனிந்தபோது அங்கேதான் ஏதோ சொட்டியது. மழை என்று துடைத்துவிட்டார்.

"மூணாம் லைன் பெட்ரோல் டேங்கருக்கு அடியில ஏதுடி மழை?"

"ஐயோ, என் தம்பி இந்நேரம் அடுப்பு பத்த வைப்பானே!"

அவள் தம்பிக்கும் அங்கேதான் வேலை. மூன்றாம் லைனை ஒட்டிய ஓய்வறையில் எல்லோருக்கும் டீ போடுவது அவன் பொறுப்பு. போன் அடித்தார்கள், அவன் எடுக்கவில்லை. மூக்கு செருப்புகூட மாட்டாமல் ஓடினார். ஓட ஓடத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மழைக்காக அறையின் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. மைத்துனன் தீக்குச்சியை உரசப்போன கையை ஓங்கித் தட்டிவிட்டார்.

"பத்த வைக்காதே! பெட்ரோல் சொட்டுது! எல்லாரும் வெளிய ஓடுங்கடா!"

வாசலுக்கு வந்ததுமே வாடை மற்றவர்கள் முகத்தில் அடித்தது. கேட்டுக்கு வெளியே போய்த்தான் நின்றார்கள். மைத்துனன் அவர் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணுமில்லன்னு தலையாட்டிட்டுப் போனீங்களே மாமா!"

"எனக்கு மோப்பமே கெடையாதுடா. குளோரினோட போச்சு."

"அப்ப இத்தனை வருஷமா யாரு மோந்து பாத்தது?"

"உங்க அக்கா. இன்னிக்கு அவளுக்கு ஜலதோஷம்."