அர்ச்சுனன் கொண்டுபோன ரோட்டர்

அர்ச்சுனனுக்குக் கோபம் மூக்குக்கு மேல். அதை அவனே சொல்வான், பெருமையாக வேறு சொல்வான். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த ராமதாஸிடம் பதினோரு வருஷம் அம்பாசடர் ஓட்டியவன். ராமதாஸின் மகன் ராஜவேல் ஒரு தடவை குடித்துவிட்டு வண்டியை எடுத்துப்போய் உப்பள வரப்பில் ஏற்றிவிட்டான். அன்றிலிருந்து சாயங்காலமானால் அர்ச்சுனன் பானெட்டைத் திறந்து, ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான். கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு உருப்படி, தலையில் பித்தளைத் தகடு, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது. சாவியை எத்தனை திருப்பு திருப்பினாலும் இன்ஜின் சுற்றுமே தவிரப் பற்றாது. இந்த விஷயம் அவனைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

2005 ஐப்பசியில் ஒரு நாள், வண்டி சரியாகக் கழுவவில்லையென்று மூட்டை தூக்கும் ஆட்களுக்கு முன்னால் ராமதாஸ் கத்திவிட்டார். "உனக்கெல்லாம் எதுக்குய்யா ஸ்டியரிங்கு? போய் மூட்டை தூக்கு."

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அர்ச்சுனன் கிளம்பிவிட்டான். கழற்றிய ரோட்டர் பாக்கெட்டில். மறந்துபோய் எடுத்துக்கொண்டு போனான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தெரிந்தேதான் கொண்டுபோனான். மூன்று நாளில் தேடிக்கொண்டு வருவார்கள், வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தான். யாரும் வரவில்லை. இவனும் போகவில்லை. பிறகு குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. ரோட்டர் தகரப்பெட்டிக்குள் போயிற்று.

ஒரு வருஷம் கழித்து, கார்த்திகையில், ராமதாஸின் மனைவி அருக்காணி போன் பண்ணினார்.

"அர்ச்சுனா, நாளைக்கு பிரம்மதேசத்துல எங்கக்காவுக்கு தெவசம். எனக்கு முட்டி போச்சுப்பா, பஸ்ஸு ஏற முடியல. ஒரு தபா வந்து வண்டிய என்னன்னு பாரேன்."

பதினோரு வருஷமும் தன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவனுக்குக் காப்பி கொடுத்த அம்மா. மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? அதோடு, கடைசியில் தன்னைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது என்று உள்ளுக்குள் ஒரு குஷி வேறு. அந்தக் குஷியை நினைத்துத்தான் பின்னால் வெட்கப்பட்டான்.

விடிந்ததும் பேட்டரி ஒன்றைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்தான். ராமதாஸ் சாமான்களோடு முதல் பஸ்ஸிலேயே பிரம்மதேசம் போயிருந்தார். அருக்காணி நாற்காலியைக் கொட்டகை ஓரமாக இழுத்துப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நாலு டயரும் படுத்திருந்தன. பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அர்ச்சுனன் கணக்குப் போட்டே வந்திருந்தான். எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவது, கடைசியில் ரோட்டரை நைசாக உள்ளே வைப்பது, பழியை உப்புக்காற்றின் மேல் போடுவது.

காற்றடித்தான். முனைகளை வெந்நீர் ஊற்றிக் கழுவிப் புதுப் பேட்டரியை வைத்தான். நாற்றமெடுத்த பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினான். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் துளித்துளி ஆயில் விட்டு, முன்னால் கம்பியைச் செருகிக் கையால் சுற்றிப் பார்த்தான். இன்ஜின் இறுகிப்போகவில்லை, நல்லவேளை. பிளக்குகளை உப்புத்தாளால் தேய்க்கும்போது கேட்டான். "ஏம்மா, வேற மெக்கானிக்கு யாருகிட்டயும் காட்டலியா?"

"உங்க முதலாளி எங்க வுட்டாரு? அர்ச்சுனன் தவிர எவனும் அதுல கை வெக்கக்கூடாதுன்னுட்டாரு. அவன் வருவான், வருவான்னு அவரு ஒக்காந்துனு இருந்தாரு."

அர்ச்சுனனின் கை நின்றது.

"போன கார்த்திகை அக்காவுக்கு இழுத்துனு கெடக்குதுன்னு சேதி வந்துச்சு. பேய் மழை. பஸ்ஸு இல்ல. இவரு சாவியத் திருப்புறாரு, திருப்புறாரு, கர் கர்னு சுத்துது, பத்தவே மாட்டேங்குது. ஒரு மணி நேரம் பாத்துட்டு நடந்தே போயிட்டேன். அன்னைக்குப் போன முட்டிதான் இது. நான் போறதுக்கு அரை மணி முன்னாடி உசுரு போயிருச்சு. அருக்காணி வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுனே இருந்துச்சாம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உப்புக்காத்து தின்னுட்டா வண்டி என்னா பண்ணும்? யாரக் குத்தம் சொல்றது?"

சட்டைப் பாக்கெட்டில் இருந்த ரோட்டர் அர்ச்சுனனின் நெஞ்சில் இடித்தது. பிளக்குகளைத் திரும்ப மாட்டி, ரோட்டரை அதன் இடத்தில் வைத்து மூடியை மாட்டினான். சாவியைத் திருப்பினான். நாலு சுற்று சுற்றி, இருமி, வண்டி பற்றிக்கொண்டது.

"ஒன் கை பட்டாதான் கேக்குது பாரு" என்றார் அருக்காணி. முகமெல்லாம் சந்தோஷம். "என்னாப்பா கோளாறு?"

உப்புக்காற்று என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டார். அர்ச்சுனன் இன்ஜினை அணைத்தான். ரோட்டரைத் திரும்பக் கழற்றிக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"வண்டில ஒரு கோளாறும் இல்லம்மா. இது ஒரு வருஷமா எம் பொட்டில இருந்துச்சு."

அருக்காணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இது இல்லன்னா ஓடாதா?"

"ஓடாதும்மா."

"தெரிஞ்சே எடுத்துனு போனியா?"

"ஆமாம்மா. கோவத்துல."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். செருப்பைக் கழற்றியிருந்தாலும் குனிந்து நின்றிருப்பான். அவர் நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தார். "மாட்டு. நேரமாவுது" என்றார்.

வண்டியில் ஏறினால் வாய் ஓயாத அம்மா அன்று பிரம்மதேசம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் எங்கேயாவது வண்டி நின்று தொலைந்தால்கூடத் தேவலை, இறங்கி எதையாவது நோண்டலாம் என்று அர்ச்சுனன் தவித்தான். அதுவோ ஒரு வருஷம் நின்றுகிடந்த சுவடே இல்லாமல் ஓடியது.

அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும் அருக்காணி கையை நீட்டினார். "நீ பஸ்ஸுல போப்பா. ராஜவேலு வந்திருக்கான், அவன் ஓட்டினு வருவான்."

அர்ச்சுனன் சாவியைக் கொடுத்தான். கை நீட்டியபடியே இருந்தது.

"அதையும் குடு."

பானெட்டைத் திறந்து ரோட்டரைக் கழற்றினான். "சுடுதும்மா" என்றான்.

"பரவால்ல" என்று வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, முட்டியைப் பிடித்தபடி உள்ளே போனார்.